கவிழ்த்து வைத்த கூடை

தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியர் சில்வஸ்டர் அவர்களே, சேரம்பாடி பஸ் நிறுத்தத்துக் கடையை இன்று சாத்திவிட்டு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் அண்ணன் லிங்கசாமி அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் இருளப்பன் அண்ணே, எல்லா டிவிசன்களிலிருந்தும் மழையில் நனைந்து வந்து நிற்கும் என் தோட்டத்து மக்களே! உங்கள் சங்கச் செயலாளர் பொன்னுத்துரை பேசுகிறேன். எத்தனையோ மேடைகளில் முதல் வார்த்தையாக வணக்கம் சொன்னவன் நான். இன்று அது இல்லாமலே தொடங்குகிறேன்.

மேடையில் தெய்வம்மா அக்காவின் படம் இல்லை. அவருக்கு இருந்த ஒரே படம் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பது. இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு நம்மைச் சிலோனிலிருந்து கப்பலேற்றியபோது எடுத்த படம். அதைப் பிரித்தெடுக்க இருளப்பன் அண்ணனுக்கு மனம் வரவில்லை. அதனால் அக்கா முதுகில் சுமந்த கொழுந்துக் கூடையை இங்கே வைத்திருக்கிறோம். கவிழ்த்து வைத்திருக்கிறோம். கவிழ்த்தவர் அவருடைய கணவர் இருளப்பன் அண்ணன்தான். இந்தத் தோட்டத்தில் கூடையைக் கவிழ்த்து வைத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நாடுகாணியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்திருக்கிற விருந்தினர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரங்கல் நோட்டீஸில் 'தோட்டத்து அன்னை தெய்வம்மா' என்று அச்சடித்திருக்கிறோம். பொருத்தமான பட்டம்தான். ஆனால் அக்கா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "யாரு தலைவரே அந்தம்மா? நம்ம லயத்து வீடுகள்லயா இருக்காங்க?" என்று கேட்டிருப்பார். நான் மேடையில் நீட்டி முழக்கும்போதெல்லாம், "தலைவரே, மழை வருது, சுருக்குங்க" என்று கூட்டத்திலிருந்து குரல் கொடுப்பார். இன்றும் மழை பெய்கிறது. குரல்தான் இல்லை!

நாம் இந்த மலைக்கு வந்து சேர்ந்த நாளை நினைத்துப் பாருங்கள். கப்பலில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, ரயிலும் பஸ்ஸும் ஏறி இங்கே வந்தபோது நமக்கு என்ன தெரியும்? தேயிலை தெரியும். வேறென்ன தெரியும்? மண்ணெண்ணெய் எங்கே வாங்குவது? கூடலூருக்குக் கடைசி வண்டி எப்போது? அட்டை கடித்த இடம் புண்ணானால் என்ன போடுவது? 'சிலோன்காரனா' என்று முகத்தைச் சுளிக்காமல் சாமான் கொடுக்கிற கடை எது? ஆளுக்கு ஆள் கேட்டோம். ஆளுக்கு ஆள் பதில் சொன்னோம். கேட்டவனுக்கும் தெரியாது, சொன்னவனுக்கும் தெரியாது!

நம் சின்னராஜ் ஒரு நாள் செருப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டான். ஊட்டியைக் கண்ணால் பார்க்காத ஒரு பெரிய மனிதர், "ஊட்டிக்குப் போ, மலிவு" என்றார். பாவம், போனான். திரும்பும் வழியில் நடுவட்டத்தில் பஸ் பழுதாகிப் பனியில் விறைத்து, மறுநாள் வந்து சேர்ந்தான். அவசரத்தில் அவன் கட்டி வாங்கிவந்தது இரண்டுமே இடது கால் செருப்பு! இதைக் கேள்விப்பட்ட அண்ணன் லிங்கசாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, என்ற கடையிலயே செருப்பு தொங்குதுங்களே! ஒரு வார்த்தை என்னைக் கேட்கக் கூடாதுங்களா?" தோட்டமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சொன்ன ஆளு கூடப் போயிருந்தா ரெண்டு காலுக்கும் செருப்பு வந்திருக்குமில்ல?" என்றார்.

அந்த ஒரு பேச்சிலிருந்து பிறந்ததுதான் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற அதே களத்தில், எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். கேள்வி இருப்பவர் தன் கூடையை நடுவில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். எந்தக் கேள்வியும் கேட்கலாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், கிழவிக்குக் கண்ணாடி, மாப்பிள்ளை வீட்டாரின் யோக்கியதை, ஒழுகுகிற கூரை, எதுவும். பதில் தெரிந்தவர் எழுந்து வந்து கூடையை நிமிர்த்த வேண்டும். அக்கா போட்ட சட்டத்தை அக்கா வார்த்தையிலேயே சொல்கிறேன். "தெரிஞ்சவங்க ஒளிக்கக் கூடாது. தெரியாதவங்க வாயத் தொறக்கக் கூடாது. கூடைய நிமித்துனவங்க கூடப் போகணும்."

கூடப் போக வேண்டும்! கடையைச் சொன்னவர் கடை வரைக்கும், வைத்தியரைச் சொன்னவர் வைத்தியர் வாசல் வரைக்கும் போக வேண்டும். அதனால்தான் நம் ஆட்கள் சும்மா வாயை விடப் பயந்தார்கள். அதனால்தான் சொன்ன பதில் பலித்தது. மருதாம்பாளின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது எப்படி? சில்வஸ்டர் வாத்தியார் கூடையை நிமிர்த்தினார், அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். பட்டியல் போட்டால் பொழுது விடிந்துவிடும். இந்த ஊர்க்காரரான லிங்கசாமி அண்ணனை, "நீங்களும் வந்து உக்காருங்க, இந்த மலை உங்களுக்குத்தானே தெரியும்" என்று அழைத்து வந்ததும் அக்காதான்.

காளான் கதையை மறந்திருக்க மாட்டீர்கள். முதல் மழைக்குப் பிறகு ஒருவர் முறம் நிறையக் காளான் பறித்து வந்து, தின்னலாமா என்று கூடையைக் கவிழ்த்தார். சிலோனில் நாம் தின்ற காளான் போலவே இருந்தது. அதே வெள்ளை, அதே குடை, அதே வாசனை. பத்துப் பேர் எழுந்தோம். அக்கா கையைக் காட்டி மறித்தார். "அங்க தின்னது இருக்கட்டும். இந்த மலையில, இந்தக் காளானத் தின்னவங்க இருக்கீங்களா?" யாருமில்லை. "அப்ப உக்காருங்க." கூடை கவிழ்ந்தபடியே கிடந்தது. பசித்த பிள்ளைகள் முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. சாயங்காலம் லிங்கசாமி அண்ணன் வந்தார், பார்த்தார், முறத்தை ஓங்கி உதைத்தார். "இதைத் தின்னா ஊட்டுக்கு ஒருத்தர் மிஞ்ச மாட்டீங்க!"

மலை ஒன்று போலவே இருக்கிறது. தேயிலை ஒன்று போலவே இருக்கிறது. பனியும் குளிரும் ஒன்று போலவே இருக்கிறது. அதனால் எல்லாம் நமக்குத் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். இதுதான் சிலோனிலிருந்து வந்த நம் எல்லோருக்கும் இருக்கிற வியாதி. அன்று அந்த வியாதியிலிருந்து நம் பிள்ளைகளைக் காப்பாற்றியவர் யார்? அவரை நாம் காப்பாற்றினோமா?

இனி சொல்லப் போவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை.

இத்தனை காலத்தில் தெய்வம்மா அக்கா தனக்கென்று ஒரு கேள்வி கேட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கேட்டார். தன் கூடையைக் கொண்டுபோய் நடுவில் கவிழ்த்தார். "எனக்கு நெஞ்சைப் புடிக்குது. எடது கை மரத்துப் போகுது. மேட்டுல ஏறுனா மூச்சு முட்டுது. இது என்னா நோவு? யாருகிட்ட காட்டலாம்?" இவ்வளவுதான் கேட்டார்.

அடடா! அக்காவே கேட்டுவிட்டார் என்று நமக்கு என்ன சந்தோஷம்! அவருக்கு ஒரு பதில் சொல்லும் பாக்கியம் கிடைத்ததே என்று வட்டமே எழுந்து நின்றதாம். "பனிதாங்க்கா." "வாயுக்கா, இஞ்சித் தேத்தண்ணி குடிங்க." "அங்க எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, தைலம் தேச்சா போயிரும்." "மலைக்குப் புதுசுல எல்லாருக்கும் நெஞ்சை அடைக்கும்." ஆளுக்கொரு பதில்! சொன்னது மட்டுமா? எல்லோருமாக ஓடிப் போய் ஒரே கூடையில் கை வைத்து, சிரித்துக்கொண்டே நிமிர்த்தினீர்களாம்.

நான் கேட்கிறேன். அந்த வட்டத்தில் யாருக்குத் தெரியும்? ஒருவருக்காவது தெரியுமா? தெரியாதவர் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டவருக்கே, தெரியாதவர்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னோம். பாசத்தில் சொன்னோம். பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பாசம் அதிகமாகிப் போனதுதான் கோளாறு. ஒருவர் நிமிர்த்தியிருந்தால் அந்த ஒருவர் கூடப் போயிருப்பார். எல்லோரும் நிமிர்த்தினீர்கள். யார் கூடப் போவது? இவர் போவார் என்று அவரும், அவர் போவார் என்று இவரும் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். "யாரு கூட வர்றீங்க?" என்று அக்கா கேட்டாராம். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அதைக் கேட்டது இருளப்பன் அண்ணன் ஒருவர்தான். பக்கத்தில் நின்றதால் கேட்டது. அவரும், இத்தனை பேர் சொல்கிறார்களே, பனியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

நான் அன்று சங்க வேலையாகக் குன்னூரில் இருந்தேன். அதனால் நான் யோக்கியன் என்று நினைக்காதீர்கள். இங்கே இருந்திருந்தால் உங்கள் எல்லோரையும் விட உரக்க, மைக் இல்லாமலே, "பனிதாங்க்கா" என்று நானே முழங்கியிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

அண்ணன் லிங்கசாமியும் அன்று இல்லை. சரக்கு எடுக்கக் கூடலூர் போயிருந்தார். புதன்கிழமை அக்கா மேட்டுத் தேயிலை நிரையில் கூடையோடு சாய்ந்து, தூக்க ஓடியவர்கள் கையிலேயே உயிர் போன பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அந்த மனிதர் கடை வாசலில் உட்கார்ந்து பிள்ளை மாதிரி அழுதார். "எங்க அண்ணனுக்கும் இதே மாதிரி எடது கைதானுங்க மரத்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி பொழைக்க வெச்சோமுங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா அடுத்த பஸ்ஸுல ஏத்திக் கொண்டு போயிருப்பனே! கூடைய அப்படியே உட்டிருக்கக் கூடாதுங்களா?" உண்மைதான் அண்ணே. காளானுக்காகச் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்த நாங்கள், அக்காவுக்காக ஒரு சாயங்காலம் காத்திருக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் ஆறுதல் சொல்ல வேண்டும். என்னிடம் ஆறுதல் இல்லை. அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று சபதம் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தொடருமா? அந்தக் களத்தில் இனி யார் தைரியமாகக் கூடையைக் கவிழ்ப்பார்? எந்தப் பதிலை யார் நம்புவார்? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது.

அக்காவின் ஒரே மகள் காத்தாயி. கல்யாணம் ஆனதால் தனிப் பாஸ்போர்ட் என்று அவளைச் சிலோனிலேயே நிறுத்திவிட்டார்கள். அக்கா இந்த மலையில் மனம் உளைந்ததெல்லாம் அந்தப் பிள்ளையை நினைத்துத்தான். அடக்கம் முடிந்த மறுநாள் தந்தி வந்தது. காத்தாயி புருஷனோடும் கைக்குழந்தையோடும் கப்பலில் வந்து இறங்கிவிட்டாள். மண்டபத்துக்குப் பதில் தந்தி கொடுத்தோம். அதற்குள் அவர்கள் முகாமை விட்டுப் புறப்பட்டு, வழியில் ஊர்ச் சொந்தங்களைப் பார்க்கப் போய்விட்டார்கள். தந்தியில் சொன்னபடி வருகிற வியாழக்கிழமை சேரம்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்குவாள். பேரனைத் தூக்க அம்மா வந்து நிற்பாள் என்றுதான் இறங்குவாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

இறங்கியதும் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்பாள். "அம்மா எங்க?" இந்தத் தோட்டத்தில் பதில் தெரியாதவர் ஒருவர் உண்டா? தெரிந்தவர் ஒளிக்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். ஒளிக்க மாட்டோம். அன்று யாரும் கூடப் போகவில்லை. வியாழக்கிழமை நான் போகிறேன். பஸ் நிறுத்தத்தில் முதல் ஆளாக நான் நிற்பேன். இந்த மேடையில் நான் எடுக்கிற சபதம் இது ஒன்றுதான்.

ஆனால் அவளிடம் எப்படிச் சொல்வது? இன்று காலை இருளப்பன் அண்ணன் இந்தக் கூடையைக் கொண்டு வந்து கவிழ்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ளைக்கு நான் எப்புடிச் சொல்லுவேன் தலைவரே? என்னால ஏலாது. என்னா சொல்லணும்னு யாராச்சும் சொல்லித் தாங்க." அதுதான் இந்தக் கூடைக்கு அடியில் இருக்கிற கேள்வி. மணிக்கணக்காக மைக்கில் முழங்குகிற எனக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

தோழர்களே, தாய்மார்களே, கேட்கிறேன். கடல் தாண்டித் தாயைப் பார்க்க வரும் பிள்ளையிடம், உன் தாய் இல்லை என்று எப்படிச் சொல்வது? தெரிந்தவர் ஒருவர், ஒரே ஒருவர், மேடைக்கு வந்து இந்தக் கூடையை நிமிர்த்துங்கள். என்னோடு வியாழக்கிழமை வாருங்கள். தெரியாதவர்கள் தயவு செய்து உட்கார்ந்திருங்கள். நான் காத்திருக்கிறேன்.

யாரும் எழக் காணோம்.

சரி. அக்கா சொன்னபடி இன்றுதான் நடந்திருக்கிறோம். கூடை இப்படியே இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம். வியாழக்கிழமை நான் இதைக் கவிழ்த்தபடியே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போகிறேன்.