செவிட்டுக் காது

உச்சிப்பொழுது. ஊர் மதிலுக்கு வெளியே கல்லறைச் சாலை. ஆள் நடமாட்டமே இல்லை… சிள்வண்டுகள் மட்டும் காதைத் துளைத்துக்கொண்டிருந்தன. பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருப்புச் சட்டியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள்.

நம் பட்டறை அண்ட்ரோனின் மாமாவுக்கு நடந்தது இது. பெயர் பிலேரோஸ், சிற்பி. மனைவி மெலித்தா செத்து மூன்று வருடம். அவள் தலையைச் சலவைக்கல்லில் தன் கையாலேயே செதுக்கிக் கல்லறைமேல் வைத்திருந்தார். மற்றவர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில், ரொட்டியும் ஆலிவ் காயுமாக அங்கே போய், அன்றன்றைய கதையை அதன் வலது காதில் சொல்வார். உயிரோடு இருந்தபோதே அவளுக்கு இடது காது செவிடு. பேச அவருக்கு வேறு நாதி இல்லை, பாவம்.

அப்போதுதான், முன்பு அடிமையாயிருந்த அவருக்கு விடுதலை கொடுத்த பழைய எஜமானின் மனைவி துல்லியா இறந்துபோனாள். ஒன்பதாம் நாள் படையலுக்குள் அவளுக்குச் சிலைத் தலை வேண்டும். சலவைக்கல் கப்பலோ வந்தபாடில்லை. எஜமான் வீட்டுக் காரியஸ்தன் பட்டறைக்கு வந்து நின்றான்.

"கல்லு இல்லைங்க," என்றார் பிலேரோஸ்.

"இல்லையா? உம்ம பொண்டாட்டி தலை ஒண்ணு சாலையோரமா சும்மா வெயில் காயுதே! பழைய மூஞ்சியச் சீவிட்டுப் புது மூஞ்சி வைக்கிறது உமக்கென்ன புதுசா?"

"அய்யா… அது மட்டும் வேண்டாங்க."

"அப்ப எஜமான்கிட்ட நீரே வந்து சொல்லும்."

விடுதலை வாங்கினவன் எஜமானிடம் எப்படி மாட்டேன் என்பான்? உளியை எடுத்தார். டக்… டக்… கண் போயிற்று. உதடு போயிற்று. சின்ன வயதில் மெலித்தா விழுந்து கோணிப்போன அந்த மூக்கும் போயிற்று. காதுகளை மட்டும் விட்டுவைத்தார். இந்த வேலையில் யாரும் காதைத் தொடுவதில்லை. அங்கே செதுக்க மிச்சக் கல் இருக்காது.

துல்லியாவாகிப்போன தலை எஜமான் வீட்டுக் கல்லறை மாடத்தில் ஏறியது. தலை அசையாதபடி அடியில் இரும்பு முளை, சுற்றிலும் உருக்கிய ஈயம். ஊற்றியதும் அவரேதான்.

காதாவது அவளுடையதாயிற்றே என்று அங்கேயும் போய்ப் பேசினார். ஒரு குளிர்காலம் கழிந்தது. ஒருநாள் உச்சியில் இடப்பக்கமாகப் போய் நின்றார். அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது… சொல்லாமலும் நெஞ்சு தாங்கவில்லை. செவிட்டுக் காதில் மெல்லச் சொன்னார்.

"மெலித்தா… உன் மொகம் எனக்கு மறந்துபோச்சு புள்ள."

சிள்வண்டுச் சத்தம் சட்டென்று நின்றது.

மறுநாள் போனால்… மாடத்தில் தெரிந்தது பின்னந்தலை. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. ஈயத்தில் ஒரு கீறல் இல்லை. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. எட்டிப் பார்க்கவும் வழியில்லை. முகத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான். உள்ளிருந்து மெலித்தா தலைக்குத் தடவும் எண்ணெய் வாசனை வந்தது. கையை விட்டார். நெற்றி… புருவம்…

மூக்கு கோணலாக இருந்தது.

"ஒரே ஒரு தடவ திரும்பு புள்ள," என்று அழுதார். வலது காதில் சொன்னார். இடது காதில் சொன்னார். அவள் திரும்பவில்லை. விரல் நுனியில் மட்டும்… வெதுவெதுப்பாக மூச்சு பட்டது.