அமிர்தவள்ளியின் அசல் சான்றிதழ்கள்

ஒரு ஆளுக்கு மட்டும் சமைப்பதைப் போலச் சள்ளை பிடித்த வேலை வேறு கிடையாது, சார். அரை டம்ளர் அரிசி போட்டால் குக்கரில் அடிப்பிடிக்கும். ஒரு டம்ளர் போட்டால் மறுநாளும் அதையேதான் தின்ன வேண்டும். அம்மா போன பிறகு மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன். சத்துவாச்சாரியில் இரண்டு படுக்கையறை வீடு, பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கை கொடுப்பார்கள், அதோடு சரி. விசாரணையில் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், பரிதாபப்பட வேண்டாம்.

என் பெயர் பெர்சிஸ். எங்கள் கல்லூரியில் சேர்க்கைப் பிரிவைப் பதினோரு வருடமாக நான்தான் பார்க்கிறேன். டயாலிசிஸ், லேப், நர்சிங் உதவியாளர் என்று எல்லாம் இரண்டு வருட டிப்ளமோ. அறுபது இடத்தில் நாற்பது நிரம்பினாலே நல்ல வருடம். மே மாதம் பிறந்தால் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்க வேண்டும். பிள்ளை பிடிக்கிறவள் என்று ஆபீசில் என்னைக் கிண்டல் செய்வார்கள். தாளாளர் இஷ்தியாக் அகமது சாருக்கோ, விளம்பரத் தாளில் எல்லா வகைப் பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்க வேண்டும். மேல்விஷாரத்துப் பெண் இருந்தாள், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் போடுகிறவரின் மகள் இருந்தாள். "மலையிலேர்ந்து ஒரு பொண்ணாவது கூட்டினு வாங்கம்மா, படம் நிறைவா இருக்கும்" என்றார். அப்படித்தான் ஏலகிரிக்குப் போனேன்.

அங்கே கிடைத்தவள்தான் அமிர்தவள்ளி. பன்னிரண்டாவதில் நல்ல மார்க். அரசு நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அது கிடைத்தால் போய்க்கொள், அதுவரை இங்கே படி என்று நானே சொன்னேன். கட்டணத்துக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஹாஸ்டல் செலவுதான் அவள் அப்பா காசிநாதனுக்குத் தாங்காது. என் வீட்டில் இருக்கட்டும் என்றேன். வாடகை கேட்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சேரும்போது பிள்ளைகளின் அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டிவிடுவோம். நடுவில் விலகுகிறவர்கள் இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் திருப்பித் தருவோம். தப்புதான். ஒரு சாவி என்னிடம் இருக்கும், இன்னொன்று தாளாளர் மேசையில்.

அவள் வந்த பிறகுதான் அது வீடு மாதிரி இருந்தது. சாயங்காலமானால் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துப் பழகுவாள். "ஜாஸ்தியா இருக்குது அத்தை. நாளையிலேர்ந்து உப்பு கம்மி" என்று அதட்டுவாள். என்னை ஒருத்தர் அதட்டி எத்தனை வருடமாயிற்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அக்டோபரில் அவளுக்கு அரசு இடம் கிடைத்துவிட்டது. தெற்கே ஒரு கல்லூரி, நான்கு வருடப் படிப்பு. ஆறு நாளைக்குள் அசல் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அசல் எல்லாம் சரிபார்க்கச் சென்னைக்குப் போயிருக்கிறது, இரண்டு நாளில் வரும் என்றேன். இரண்டு நாள் கழித்து இன்னும் இரண்டு நாள் என்றேன். ஐந்தாம் நாள் காசிநாதன் மலையிறங்கி வந்து, ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"கட்ட வேண்டியது எதனா இருந்தா சொல்லுங்க மேடம். இருக்கிற நிலத்த அடமானம் வெச்சிடறேன். எங்க ஊர்ல இதுக்குப் போற மொத பொண்ணு இது."

"பணத்துல ஒண்ணும் இல்லீங்க. பேப்பர் வரணும், அவ்ளோதான்" என்றேன். அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

கடைசி நாள் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை, இடம் போயிற்று. திரும்பி வந்தவளுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். மெல்லத் தேறினாள். அதற்குப் பின்னால் வந்த இரண்டு மாதத்தைப் போல நான் என்றுமே நிம்மதியாக இருந்ததில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு நான் ஆராதனைக்குப் போயிருந்தேன். கிறிஸ்துமஸ் வருகிறதே, அத்தை வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்து வைக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். வெயிலில் போட மெத்தையைத் தூக்கியிருக்கிறாள். அவள் தினமும் படுக்கிற மெத்தை. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரு கவரில் அதன் அடியில் இருந்தன. ஆபீஸ் பீரோவில் விட்டுவைத்தால் நான் இல்லாத நேரம் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நான் வந்தபோது வீடு துடைத்து ஈரமாக இருந்தது.

"இது மேலயா மேடம் நான் இத்தினி நாளா படுத்துனு இருந்தேன்?" என்றாள். அத்தை என்று சொல்லவில்லை. "எதுக்கு மேடம்?"

"மொதல்ல சாப்டு. அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் கொடுத்த புகாரில் கல்லூரி விதியால் இடம் போனதாக எழுதியிருக்கிறாள் போல. அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். அரசு இடத்துக்கான ஆணை வந்த அன்றே தாளாளரிடம் அவளுடைய கோப்பைக் கொண்டுபோனேன். "கவர்ன்மென்ட் சீட்டா? ஒரு பைசா வாங்காம குடுத்தனுப்பும்மா, நல்லா இருக்கட்டும்" என்று என் முன்னால் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பீரோவைத் திறந்து கவரை எடுத்து என் பையில் வைத்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. நான்தான் செய்தேன்.

ஆனால் அவளுக்கு நான் கெடுதல் செய்ததாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலு வருடம் முன்பின் தெரியாத ஊரில் தனியாகக் கிடந்திருப்பாள். அது எப்படி இருக்கும் என்று அந்த வயதில் அவளுக்கு என்ன தெரியும்?

மே மாதம் மறுபடி சேர்க்கை தொடங்கும். என் இடத்துக்கு யார் வந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், சார். ஹாஸ்டலுக்கு வசதியில்லாத பிள்ளை யாராவது வந்தால், என் வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது.