குவளைக்குள்ளே ஈரம்

அந்த நாற்காலி வேணாம் குணாளன் சார், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஹெச்.எம் கார் கூலாய் ரோட்டு ஜாம்ல மாட்டிக்கிச்சாம், அரை மணி நேரம் ஆகும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதுவரைக்கும் பேச்சுத் துணைக்கு நான் இருக்கேன். என்னா குடிக்கிறீங்க? தே ஓ? பாலும் சீனியும் இல்லாம? அக்கா, ரெண்டு தே ஓ கோசோங்.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும் சார். அறுபத்தி மூணு பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல், ஆபீஸ்ல ஒருத்தர் தும்முனா கேண்டீன்ல சளி பிடிக்கும். உங்க மாவட்ட இலாகாவுக்கு மொட்டைக் கடிதம் போயிருக்கு. ஆண்டு இறுதி அறிவியல் பேப்பர பிரேமளா டீச்சர் முன்னாடியே பிள்ளைங்களுக்குக் காட்டிட்டாங்கன்னு. அந்தப் பொண்ணு ஒப்பந்த டீச்சர். இந்த வருஷக் கடைசியில ஒப்பந்தம் முடியுது. இப்படி ஒண்ணு ஃபைல்ல ஏறிட்டா, அப்புறம் நிரந்தரமாவது ஒண்ணாவது. என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்.

நானா? மணியம் சார்னா ரெங்கம் ஊரு பூரா தெரியும் சார். இருபத்தெட்டு வருஷம் இங்க அறிவியல் சொல்லிக் கொடுத்தேன். கொடுத்தேன்னுதான் சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி பிரேமளா டீச்சர் வந்தாங்க, என்னைய நாலாம் ஆண்டு கணிதத்துக்கு மாத்திட்டாங்க. பரீட்சைக் குழுச் செயலாளர்னு கூட ஒரு பேரும் கொடுத்தாங்க. அலமாரி சாவி என்கிட்டயும் ஹெச்.எம்கிட்டயும்தான்.

ஆறாம் ஆண்டுக்கு யுபிஎஸ்ஆர் பரீட்சை இருந்தப்ப நீங்க பார்த்திருக்கணுமே. சனிக்கிழம காலையில மாசாய்லேர்ந்துலாம் வருவாங்க என் வகுப்புக்கு. சிங்கப்பூர்ல நைட் ஷிப்ட் முடிச்சு, கண்ணு செவந்து, பிள்ளைய இறக்கி விட்டுட்டு கார்லயே தூங்குவாங்க அப்பன்மாருங்க. என் முறை என்னான்னா, நோட்டுல மூணு பெட்டி வரையணும். முதல் பெட்டியில நாம மாத்துனது. ரெண்டாவதுல அளந்தது. மூணாவதுல மாத்தாம அப்படியே வெச்சது. படத்துல மெழுகுவத்தி இருந்தாலும் சரி, தவளை இருந்தாலும் சரி, பெட்டியில போடு. முதல் பெட்டி கூடக் கூட ரெண்டாவது கூடுது, இல்ல குறையுது. எழுது, அடுத்த கேள்விக்குப் போ. உக்காந்து யோசிக்காத, நேரம் போயிரும். அப்படித்தான் சொல்வேன். சிரிக்கிறீங்க. பரவால்ல, சிரிங்க.

இன்னொன்னும் சொல்லிக் கொடுப்பேன். உற்றறிதல் வேற, ஊகித்தல் வேற. மெழுகுவத்தி மேல குவளைய கவுத்தா அணைஞ்சிருது, அது கண்ணால பார்த்தது, உற்றறிதல். உள்ள காத்து பத்தாமப் போச்சுன்னு நீ சொன்னா, அது நீயா சொல்ற காரணம், ஊகித்தல். காத்த யாரு பார்த்தா? மாத்தி எழுதுனா சுழி. இந்த ஒரு விஷயத்துல நான் எந்தப் பிள்ளைக்கும் அரை மார்க் இரக்கப்பட்டது இல்ல சார். அழுதாலும் சுழிதான்.

அப்புறம் அவங்க வந்தாங்க. பை நெறைய சாமான். மெழுகுவத்தி, பலூன், ஐஸ், மண்புழு. பெட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. செஞ்சு பாருங்க, பார்த்தத உங்க வாயால சொல்லுங்க, அவ்வளவுதான் பாடம். நான் பக்கத்து வகுப்புல பின்னம் நடத்திட்டு இருப்பேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்க ஓன்னு கத்தும். நான் போய் ஜன்னலச் சாத்துவேன். என் வகுப்புல இருபத்தெட்டு வருஷத்துல ஒரு பிள்ளையும் கத்துனது இல்ல. அத நான் ஒழுங்குன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

பொறாமைதான். நீங்க கேக்கல, நானே சொல்றேன். வேற பேரு தேடிப் பார்த்தேன், அனுபவம், அக்கறை, தரம் அப்படின்னு. ஒண்ணும் பொருந்தல.

தனலெட்சுமின்னு ஒரு அம்மா. அவங்க பெரிய பையன் ரூபேந்திரனுக்கு அறிவியல்ல ஏ வாங்கிக் கொடுத்தது நான். இப்ப சின்னது ஐந்தாம் ஆண்டு. போன வருஷம் பெற்றோர் கூட்டத்துல எழுந்து பேசுறாங்க, மணியம் சார் காலத்துல மனப்பாடம், இப்பத்தான் பிள்ளைங்க புரிஞ்சு படிக்குதுங்கன்னு. சார் காலமாம். நான் பின்னாடி நிக்கிறேன் சார், உயிரோட, கையில பாதி கடிச்ச கரிபாப்போட.

இன்னொன்னு சொன்னா தப்பா நெனைக்காதீங்க. பிரேமளா டீச்சரோட தாத்தா லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷன்ல கிராணி, மேசை வேலை. எங்கப்பா இங்கதான் ரப்பர்த் தோட்டத்துல பால் மரம் வெட்டுனாரு. அவங்க பேசுற தமிழே வேற மாதிரி இருக்கும், மெதுவா, சண்டையே போடத் தெரியாத மாதிரி. அதுகூட எனக்குப் பிடிக்கல. அவங்க என்னா பண்ணுவாங்க அதுக்கு? ஒண்ணும் பண்ண முடியாது. அது தெரிஞ்சும் பிடிக்கல.

இதெல்லாம்கூட முழுங்கியிருப்பேன். என் கடைசிப் பொண்ணு லோஷினி அவங்க வகுப்பு. ஐந்தாம் ஆண்டு. முன்னல்லாம் எந்தக் கேள்வின்னாலும் புத்தகத்தத் தூக்கிட்டு எங்கிட்ட வரும். இப்ப சோத்துல கை வெச்சதும் டீச்சர், டீச்சர், டீச்சர்தான். ஒருநாள் சாப்பாட்டுல கேக்குது. அப்பா, நீங்க என்னைக்காவது குவளைய கவுத்துப் பார்த்திருக்கீங்களா?

மீன்ல முள்ளு இருக்கு, பார்த்துச் சாப்பிடுன்னு சொன்னேன்.

கவுத்தது இல்ல சார். இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவகூட இல்ல. கரும்பலகையில வரைஞ்சிருக்கேன், எவ்வளவோ தடவ.

பரீட்சைக்கு வர்றேன். ஒருத்தர் வகுப்ப இன்னொருத்தர் திருத்துறது இங்க வழக்கம். அவங்க ஐந்தாம் ஆண்டு பேப்பர் என் கைக்கு வந்துச்சு, பதினாலு பேப்பர். மெழுகுவத்திக் கேள்வி இருக்கு. மூணு குவளை, சின்னது, நடுத்தரம், பெருசு. உற்றறிந்ததை எழுதுன்னு கேள்வி. பெரிய குவளையில ரொம்ப நேரம் எரிஞ்சுதுன்னு எல்லாப் பிள்ளையும் எழுதியிருக்கு, சரி. ஆனா பதினோரு பிள்ளைங்க கூட ஒரு வரி எழுதியிருக்கு. குவளையோட உள்பக்கம் மங்கலா ஈரம் படிஞ்சுதுன்னு. படத்துல ஈரம் கிடையாது சார். எங்க இருக்குன்னா, விடைப்பட்டியல்ல கடைசியில, இதையும் ஏற்கலாம்னு சின்ன எழுத்துல இருக்கு. நான் திருத்துன இத்தன வருஷத்துல ஒரு பிள்ளை அத எழுதி நான் பார்த்தது இல்ல. விடைப்பட்டியல் பேப்பரோட சேர்ந்து ஆபீஸ் அலமாரியில பூட்டி இருந்துச்சு. பரீட்சைக்கு மொத நாள் சாயங்காலம் பிரேமளா டீச்சர் ஆபீஸ்லேர்ந்து ஒரு பழுப்பு உறையோட வெளிய வந்தாங்க. நான் தூணுகிட்ட நின்னேன். வணக்கம் சார்னாங்க, போனாங்க.

நீங்களா இருந்தா என்னா நெனைப்பீங்க? அதேதான். சாவிய ஹெச்.எம்கிட்ட வாங்கியிருப்பாங்கன்னு. பதினோரு பேப்பர்ல ஒண்ணு லோஷினியோடது. என் பொண்ணையே திருட்டு விடை எழுதுனவள்னு நெனச்சேன் சார். நெனச்சதும் என்னா வந்துச்சு தெரியுமா, துக்கம் இல்ல. ஒரு நிம்மதி. அப்பாடா, இதுதான் அவங்க ரகசியமான்னு. அந்த நிம்மதிய நெனச்சாத்தான் எனக்கு இன்னைக்கும் கூசுது.

போன ஞாயித்துக்கிழம சம்சாரமும் லோஷினியும் கோயிலுக்குப் போயிட்டாங்க. நான் தனியா. டிராயர்ல பிறந்தநாள் மெழுகுவத்தி கெடந்துச்சு. மூணு கிளாஸ் எடுத்து மேசையில வெச்சேன். ஏன் செஞ்சேன்னு கேட்டா தெரியல, செய்யாம இருக்க முடியல. பத்த வெச்சு, கவுத்தேன். சின்னது மொதல்ல அணைஞ்சுது. அது எனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா கண்ணாடி உள்பக்கமா மங்குச்சு சார். மூச்சு விட்ட மாதிரி. திருப்பி விரல வெச்சுத் தடவுனேன். ஈரம்.

இன்னொரு தடவ செஞ்சேன். அப்புறம் இன்னொரு தடவ. மூணு தடவையும் ஈரம்.

அந்தப் பிள்ளைங்க விடைப்பட்டியலப் பார்க்கல. குவளையப் பார்த்திருக்குங்க. அதப் பார்க்காமலே ஒரு ஆளு இருபத்தெட்டு வருஷம் திருத்தியிருக்கான். அதனாலதான் அவனுக்கு வேற வழியே தோணல.

லோஷினி வந்து பார்த்துச்சு. மூணு கிளாஸு, தண்டு தண்டா கருகுன மெழுகுவத்தி. பெருசு எத்தன செகண்டு எரிஞ்சுதுப்பான்னு கேட்டுச்சு. எண்ணலன்னேன். அலமாக், டீச்சரா இருந்தா மறுபடி செய்யச் சொல்லுவாங்கன்னு சொல்லிட்டு, ஸ்டாப்வாட்ச் எடுக்க உள்ள போயிடுச்சு.

அதோ, வெள்ளை மைவி கார். ஹெச்.எம்தான். ஃபைல அவருகிட்ட கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு திருத்தம் இருக்கு சார். வெளிய எடுக்க வேணாம், நானே சொல்றேன். அந்தக் கடிதம் ரெண்டு பக்கம் இருக்கும். ரெண்டாவது பக்கம் மூணாவது வரியில, பேப்பரத் தூக்கிட்டுப் போனத நான் கண்ணால பார்த்தேன்னு மலாய்ல எழுதியிருக்கும். அது தப்பு. பார்த்தது ஒரு பழுப்பு உறை, வேற ஒண்ணும் இல்ல. உள்ள என்னா இருந்துச்சுன்னு இன்னை வரைக்கும் தெரியாது. அது ஊகம் சார், உற்றறிதல்னு எழுதியிருக்கு. சுழிதான்.

ஆமா, நீங்க இன்னும் அத யாருக்கும் காட்டல. தெரியும்.

கடைசியில பேரு போடாம விட்டிருக்கும் பாருங்க. கொடுங்க, போட்டுத் தர்றேன். எங்கிட்ட சிவப்புப் பேனாதான் இருக்கு, பரவால்லல்ல?