போலீஸுக்கு எல்லாம் நார்மல்

எனக்கு மீனுன்னா உசுரு சார். வஞ்சிரம் வறுத்து வெச்சிட்டா வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். இத மொதல்லயே சொல்லிடறேன். ஏன்னா ஒங்க ஸ்டேஷன் வாசல்ல கூடையோட குந்திக்கினுகீற பொம்பளைங்க, நான் மீனுக்கு ஆசப்பட்டுதான் செஞ்சேன்னு சொல்லிக்கினு கீறாங்க. மீனுக்காவ இல்ல.

என் பேரு பரசுராமன். ராயபுரத்துல டாக்டர் தப்ரேஸ் வெச்சிருக்கிற நாய், பூனை கிளினிக்குல முன் மேசைல குந்துறவன். டோக்கன் குடுக்கிறது, பேரு கூப்புடறது, டாக்டர் சொல்றத வெளிய வந்து ஜனங்ககிட்ட சொல்றது. டாக்டர் நல்ல மனுசன். வைத்தியம் சுத்தம், பேச்சுதான் வராது. எதுர்ல ஒருத்தர் அழுதா இவரு சுவத்தப் பாப்பாரு. அதனால ரத்த ரிசல்ட்டு வந்தா எங்கிட்ட சொல்லி அனுப்பிடுவாரு.

அவரு சொல்றது எப்பவும் ரெண்டு பாதி. மொத பாதி, ரத்தம் நார்மல். ரெண்டாவது பாதி, ஆனா அத வெச்சி கேன்சர் இல்லன்னு சொல்ல முடியாது. ரத்தப் புத்துநோய் மாதிரி ஒண்ணு ரெண்டு அதுல மாட்டலாம், சோகை இருந்தா ஒரு சந்தேகம் வரலாம். மத்தபடி வயித்துக்குள்ள கீற கட்டி, நான் இங்கதான் கீறேன்னு ரத்தத்துல வந்து கையெழுத்து போடாது. ஸ்கேன் பாக்கணும், ஊசி வுட்டு எடுத்துப் பாக்கணும்.

ஆரம்பத்துல ரெண்டு பாதியும் ஒழுங்கா சொல்லிக்கினுதான் இருந்தேன். வண்ணாரப்பேட்ட மஜீது பாய்க்கு அவரு பூனை விசயத்துல அப்படித்தான் சொன்னேன். ஸ்கேன்ல கட்டி தெரிஞ்சிச்சி. அந்தக் கட்டிய நானே வெச்சா மாதிரி பாத்தாரு. அதுக்கப்புறம் தெருவுல என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்குவாரு, நோம்புக் கஞ்சி கூட நின்னுபோச்சி. ஆனா மொத பாதியோட எழுந்து போனவங்க கீறாங்க பாருங்க, என்னக் கட்டிப் புடிச்சிக்கினாங்க. உன் வாய்க்கு சக்கர போடணும்னாங்க. மனுசன் எந்தப் பக்கம் சாய்வான், நீங்களே சொல்லுங்க.

பொய்யின்னு ஒண்ணு கூட சொல்லல சார். ரெண்டாவது பாதிய வுட்டேன், அவ்ளோதான்.

ஸ்கேன் எடுத்துக்கினு ஏன் ஒருத்தரும் திரும்ப வர்றதில்லன்னு டாக்டர் கேப்பாரு. இந்தப் பக்கத்து ஜனம் நாய்க்கெல்லாம் செலவு பண்ண மாட்டாங்க டாக்டர்னு சொன்னேன். அவரு அடையாறுல பொறந்தவரு, நம்பிட்டாரு.

தாயம்மா அக்கா காசிமேட்டுல மீன் விக்கிறவங்க. புருசன், புள்ள யாருமில்ல. கூட ஒரு நாயி. அது பேரு போலீஸ். தப்பா எடுத்துக்காதீங்க, நான் வெச்ச பேரு இல்ல. கூடைக்கிட்ட பூனைய வுடாது, ஆனா எவன் பொறை போட்டாலும் வால ஆட்டுமாம். அதனால அப்படி வெச்சிட்டாங்க.

ஒரு வாட்டி போலீஸ் மயங்கி வுயுந்துடுச்சின்னு தூக்கிக்கினு வந்தாங்க. ரத்தம் எடுத்தோம், நார்மல். ஆனா வயித்த அமுக்கறப்ப கையில ஏதோ தட்டுப்பட்டுதுன்னு டாக்டர் சொன்னாரு. மண்ணீரலா இருக்கலாம், ஒடனே ஸ்கேன் பாத்தா அறுத்து எடுத்துடலாம்னாரு. நான் வெளிய வந்தேன். அக்கா நாயோட தலைய மடியில வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தாங்க.

"நைனா, கேன்சரு கீன்சரு இல்லியே?"

"ரத்தத்துல எல்லாம் நார்மல்க்கா."

எனக்கு நெட்டி முறிச்சி திருஷ்டி கழிச்சாங்க. என் சொந்த ஆயா கூட எனக்கு அப்படி செஞ்சதில்ல. மறுநாளு வஞ்சிரம் ஒண்ணும் குடுத்தாங்க, வாங்கிக்கினேன்.

கொஞ்ச நாள் கயிச்சி மறுபடி வந்தாங்க. ஈறு வெளுத்துப் போச்சி, திங்க மாட்டேங்குதுன்னாங்க. டாக்டர் உள்ளதான் இருந்தாரு. பாத்தா, ஸ்கேன் இன்னாச்சின்னு கேப்பாரு. அதனால டாக்டர் ஊர்ல இல்லன்னு சொல்லி, சத்து டானிக் ஒண்ணு குடுத்து அனுப்பிட்டேன். கையெடுத்துக் கும்புட்டாங்க. அதுதான் கொஞ்சம் கூச்சமா போச்சி.

அடுத்த வாட்டி மீன் வண்டியில தூக்கிக்கினு வந்து என் மேசை மேலயே படுக்க வெச்சாங்க. உசுரு இல்ல. உள்ள கட்டி வெடிச்சி வயிறு பூரா ரத்தம். டாக்டர் வெளிய வந்தாரு.

"ஸ்கேன் பாக்கச் சொன்னேனேம்மா. செலவு பண்ண முடியாதுன்னு சொன்னீங்களாமே?"

"நானா சொன்னேன்?" அக்கா கத்தல. "கயுத்துல கீறதக் கயட்டிக் குடுத்திருப்பேனே."

ரெண்டு பேரும் என்னப் பாத்தாங்க. உன் மனசு நோவக் கூடாதுன்னுதான்க்கா சொல்லலன்னேன். அவங்க டாக்டர் பக்கம் திரும்பினாங்க.

"அதுக்கு வலிச்சிருக்குமா சார்?"

டாக்டர் அன்னிக்கு சுவத்தப் பாக்கல. வலிச்சிருக்கும்மா, ரொம்ப நாளா வலிச்சிருக்கும்னாரு. அதுக்கப்புறம்தான் மார்க்கெட்டு மொத்தமும் கூடையோட இங்க வந்திச்சி.

இந்த மாதிரி இன்னும் எத்தினின்னு கேக்குறீங்க. எண்ணல சார். எல்லாரும் சிரிச்சிக்கினு வூட்டுக்குப் போனாங்க, அது ஞாபகம் கீது. நாய் வளக்கிறவங்களோட கஷ்டம் உனக்குத் தெரியுமாடான்னு ஏட்டு கேக்குறாரு. தெரியாம இன்னா. எங்க வூட்லயும் சொர்ணான்னு ஒரு பூனை கீது. போன வருசம் அது சோர்ந்து படுத்திச்சி. டாக்டர் ரத்தம் எடுத்தாரு, எல்லாம் நார்மல். அன்னிக்கு சாயங்காலமே லீவு சொல்லிட்டு ஸ்கேனுக்குத் தூக்கிக்கினு ஓடினேன். கட்டி சின்னதாதான் இருந்திச்சி, எடுத்துட்டாங்க. இப்ப ஷோக்கா கீது.

வெறும் ரத்தத்தப் பாத்துட்டு கம்முனு வுட்டுட முடியுமா சார், நாம வளத்த உசுரு ஆச்சே.