குந்தவையோட கடல் தொட்டி

உப்புதான் தம்பி கோளாறு. அடிச்சுச் சொல்றேன். நீங்க பாட்டுக்கு குப்பியில தண்ணிய மொண்டு, சொட்டு சொட்டா மருந்த விட்டு ஆட்டிக்கிட்டு இருங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா பாத்துக்கங்க, இந்த மீன் தொட்டிக்குன்னு உங்க கடையில போன மாசம் வாங்கின உப்பு இருக்கே, அது சரியில்ல. நாகூர்ல கடலப் பாத்து வளந்த ஆளு நீங்க, சலாஹுதீன் தம்பி, உங்களுக்கு நான் சொல்லணுமா?

உப்பு இல்லன்னா கரண்டு. தஞ்சாவூருன்னுதான் பேரு, தெனம் ரெண்டு தடவ போவுது. மோட்டாரு நின்னா மீனு என்ன பண்ணும்? அதான், மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. பாருங்களேன்... எனக்கே மூச்சு முட்டுது.

எம் பொண்ணு குந்தவை பேங்க்ல இருக்குல்ல, ஐதராபாத்துல இருவது நாளு ட்ரெயினிங்கு. நாளைக்குக் காலைல வந்து எறங்குது. பூதலூர்லேந்து என்னைய வரச்சொல்லி, சாவிய கையில குடுத்து, "அப்பா, உங்களத்தான் நம்பிட்டுப் போறேன்"னுச்சு. எம் போனுக்குக்கூட எனக்கு சார்ஜு போடத் தெரியாதுன்னு பிடுங்கி வச்சுக்கிற பொண்ணு அது. அந்த வார்த்த கேட்டு அன்னைக்கு நான் ரெண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன். நாலு வருசமா வளக்குது இந்தத் தொட்டிய. ஆபீசுலேந்து வந்தா செருப்பக் கழட்டாம இது முன்னாடிதான் போய் நிக்கும்.

என்ன தம்பி, அட்டைய நீட்டுறீங்க? கலரு பாக்கணுமா? குடுங்க. இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். நெல்லுக்கு எல வண்ண அட்டைன்னு ஒண்ணு உண்டு, பயிரு மேல வச்சுப் பாப்போம். வெளுத்த பச்சன்னா பயிரு பட்டினி கெடக்குன்னு அர்த்தம். கரும்பச்சன்னா வயிறு நெறஞ்சிருக்குன்னு அர்த்தம். நாப்பது வருசம் பாத்த கண்ணு...

இந்தா, நம்ம குப்பித் தண்ணி உங்க அட்டையில கடைசிக் கட்டத்துக் கலருல நிக்குது. நல்ல கரும்பச்ச. அப்ப தண்ணி நல்லாத்தானே இருக்கு?

ஏன் தலைய ஆட்டுறீங்க? மஞ்சளா இருந்தாதான் நல்லதா? இது என்னங்க தலகீழா இருக்கு.

வேற ஒண்ணும் போடல தம்பி. தீனி போட்டேன், பொண்ணு எழுதி ஒட்டிட்டுப் போன அளவுதான். அப்புறம்... அது ஒண்ணுமில்ல. அந்தப் பவளம் இருக்குல்ல, வெரல விரிச்ச மாதிரி, அது நாலாம் நாளே வெளுத்துப் போச்சு. பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சிருச்சு, தழைச்சத்து பத்தல. அதான் ஒரு சிட்டிகை... யூரியா.

ஏன் அடுத்த குப்பிய ஆட்டுறத நிறுத்திட்டீங்க?

ஒரு சிட்டிகைதாங்க. மறுவாரம் கண்ணாடியெல்லாம் பச்ச கட்டுச்சு, எனக்கு மனசு குளுந்துபோச்சு, சரி, புடிச்சுக்கிச்சுன்னு. நெல்லுக்கு மேலுரத்தப் பிரிச்சுப் பிரிச்சுத்தான போடணும்? அதனால இன்னொரு தடவ. நேத்து மூணாவது... அது சிட்டிகை இல்ல, ஒரு கை.

ஓ. யூரியா தண்ணியில விஷமா மாறி, அதுதான் மீன மூச்சடைக்குதா. அந்தப் பச்சையும் பாசியா. பவளம் சாப்பிடலயா அத.

வாயத் தொறந்து திட்டிருங்க தம்பி. சும்மா பாக்காதீங்க.

பாதித் தண்ணிய எறைச்சுட்டுப் புதுசு விடணுமா? உங்க வண்டியிலயே இருக்கா? குடுங்க அந்த வாளிய, நான் எறைக்கிறேன். எறைக்கிறதுல எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். பொழச்சுக்குமா? பாப்போம்னா என்னங்க அர்த்தம்...

இருங்க, போனு. குந்தவைதான். தெனம் இந்நேரத்துக்கு மீனக் கேக்கும். உப்பு சரியில்லன்னு சொல்லிரவா? உங்க கடைப் பேரு சொல்ல மாட்டேன், சத்தியமா...

சரி, சரி. அப்படிப் பாக்காதீங்க.

அலோ... அம்மாடி. சாப்பிட்டியா? கேளு, தொட்டி சரியா இல்லம்மா. கடைக்காரத் தம்பி வந்திருக்காரு, அவரு மேல ஒண்ணும் தப்பில்ல. நாந்தாம்மா கெடுத்தேன்... இரும்மா, வாளிய எடுத்துக்கிறேன், எறைச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொல்றேன்.