ரேடியோ கேட்க வந்தவர்கள்

இரவு பத்து தாண்டியிருக்கும். கிவு ஏரியிலிருந்து மேட்டுக்கு ஏறும் மண்பாதை... ஆள் நடமாட்டமே இல்லை. டொனாட்டில் தனியாக வந்துகொண்டிருந்தாள். என் நண்பன் கரேகேசிக்குப் பெரியம்மா. தலையில் கூடை, கூடைக்குள் ஒரு ரேடியோ.

கீழே சினிமா எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்று நான்கில் துட்சி இனத்தாரை ஊர் ஊராகக் கொன்றார்களே, அந்தப் படம். அவள் அங்கே சமையல். அன்று சாயங்காலக் காட்சியில், சாலையை மறித்து வெட்டுக்கத்தியோடு உட்கார்ந்திருப்பவர்கள் ரேடியோ கேட்க வேண்டும். வெளிநாட்டு இயக்குநர் ஊரில் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த வருஷத்து ரேடியோக் குரலை அப்படியே ஒலிபெருக்கியில் விட்டுவிட்டான். அவ்வளவுதான்... மலை முழுக்க விளக்குகள் அணைந்தன. ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாணல் சதுப்பில் இறங்கிவிட்டாள். இறங்காமல் என்ன செய்வாள்? அந்தக் காலத்தில் ரேடியோ கொல்ல வேண்டியவர்கள் பேரைச் சொல்லும், ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லும். கத்தியோடு ஆட்கள் கிளம்புவார்கள்.

படப்பிடிப்பு நின்றது. சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பிளாசிட் ஓடிவந்தான்.

"அக்கா, மழை வருது. லாரி சேத்துல மாட்டிக்கிச்சு. இந்த ரேடியோவ உங்க வீட்டுல வச்சிருங்க."

"இது பாடாதுல்லடா?"

"எப்படிப் பாடும்? உள்ள ஒண்ணுமில்ல, வெறும் கூடு. தனிக்கட்டைக்கு ஒரு துணையா இருக்கட்டும்."

யூகலிப்டஸ் தோப்பு வளைவில் முதலில் வந்தது வாடை. புளித்த வாழைப்பழ பீர் வாடை. பிறகு கூடைக்குள் கிட்டார்... ஆடத் தோன்றும் பாட்டு. அப்புறம் ஒரு சிரிப்பு.

"நண்பர்களே, வாத்தியார் மகன் செபேராவைப் பாத்தீங்களா? பச்சைச் சட்டை. நெட்டையன், மடக்கித்தான் ஒளிச்சு வச்சிருப்பாங்க..."

செபேரா அவள் தம்பி. அப்பா அம்மா எலும்புகள் கிடைத்து அடக்கம் செய்தாயிற்று. தம்பி மட்டும் கிடைக்கவில்லை. கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் காலில்கூட விழுந்து பார்த்தாள். ஞாபகமில்லை என்றார்கள்.

ரேடியோவைப் பள்ளத்தில் எறியத்தான் கையை ஓங்கினாள். கை வரவில்லை. காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

"எங்க இருக்கான்? சொல்லு."

அன்று கத்தி வைத்திருந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள்.

"செங்கல் சூளைக்குப் பின்னாடி," என்றது. "அவகாடோ மரத்தடி."

விடிந்ததும் ஊர்க்காரர்கள் தோண்டினார்கள். முழங்கால் மடங்கி... நெஞ்செலும்பில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. அழுது தீர்த்து, அடக்கம் செய்தாள். இத்தனை வருஷத்தில் அன்றுதான் நன்றாகத் தூங்கினாள்.

ரேடியோவைத் திரும்ப வாங்க வந்த பிளாசிட் விஷயத்தைக் கேட்டதும் வாசலோடு திரும்பிப் போனான்.

மறுநாள் இரவு கதவு தட்டும் சத்தம். எதிர்மலை விதவை ஒருத்தி.

"எம் புருஷன் பேரு வந்துச்சா?"

"இல்லையே, தாயி."

"நான் உக்காந்திருக்கட்டுமா?"

அடுத்த நாள் நாலு பேர். பிறகு வீடு கொள்ளவில்லை. ஆளுக்கொரு முக்காலியோடு வந்தார்கள், அந்த வெறும் கூட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. அவரவர் ஆளுக்காக அவரவர் காத்திருந்தார்கள். வீடு நிறைய ஆள் இருந்தும் டொனாட்டிலுக்குத் தனியாக இருப்பது போலத்தான் இருந்தது.

போன சனிக்கிழமை... கிட்டார் கேட்டது. அதே சிரிப்பு.

"நண்பர்களே..."

பேர்களை வாசித்தது. செத்தவர்கள் பேர் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பேர். வரிசையாக. யார் என்ன நிறத் துணி, கதவை ஒட்டி இருப்பது யார்... எல்லாம்.

வெளியே மேட்டுப் பாதையில் பல கால்கள் சேற்றை மிதித்து ஏறி வரும் சத்தம் கேட்டது.

யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்தது தங்கள் ஆள் கிடக்கும் இடத்தைச் சொல்லிவிடாதா என்று, ரேடியோவை இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.