நித்யஸ்ரீயின் சொட்டு மருந்து

அன்று மாலை எங்கள் மாடம்பாக்கம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்ரீரங்கனாகிய நான், என் மகள் நித்யஸ்ரீ, காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி பாலாம்பாள், அவள் மகன் கேஷவ். வேறு யாரும் இல்லை, இன்ஸ்பெக்டர். காபி போட்டது நான்தான். மனைவி போன பிறகு பழகிக்கொண்டது. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

நித்யஸ்ரீக்கு முப்பத்தாறு வயது. கல்யாணமான இரண்டாம் வருடமே விவாகரத்து வாங்கிக்கொண்டு என்னிடம் திரும்பி வந்தவள். அந்த நாட்களில் சொந்தக்காரர்கள் என்னை விசாரித்த விதம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பிறகு அவள் தன் சம்பளத்தில் சிறு விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கினாள். காலனி சங்க ஆண்டு விழாவில் அவளுக்குச் சால்வை போட்டார்கள். எனக்கு முன்வரிசையில் நாற்காலி. அதற்குப் பிறகு யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

அந்த உரிமம் செல்லுபடியாக மருத்துவச் சான்றிதழை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அன்று மாலை, அடுத்த பரிசோதனைக்குப் பத்து நாள் இருந்தது. பள்ளிக்கரணை வழியாக ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வரும் தூசியில் அவளுக்குக் கண் சிவந்து அரித்தது. அலர்ஜிதான், பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர், கண்ணைக் கண்ணீர்போல் நனைத்து வைக்கும் ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்திருந்தார்.

"இப்படியே போனா டெம்பரரி அன்ஃபிட்னு எழுதிடுவாங்கப்பா. ஒரு ஒண்ணரை மாசம் தள்ளிப் போட்டுக்கறேன்" என்றாள் நித்யஸ்ரீ.

பாலாம்பாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அன்ஃபிட்டா? அங்கேயுமா?"

"அம்மா, சும்மா இரேன்" என்றான் கேஷவ்.

"நான் என்னடா சொல்லிட்டேன்? கொழந்தை கண்ணு நன்னா இருந்தா சரி. அண்ணா, காபி பேஷா இருக்கு."

நித்யஸ்ரீ சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முந்தைய வருடம் எனக்குக் கண்புரை அறுவை நடந்தபோது எழுதித் தந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தின் சீட்டு என்னிடம் இருந்தது. அது சிவப்பைச் சீக்கிரம் எடுத்துவிடும். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். அவளிடம் சொன்னால் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ள மாட்டாள். விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஒழுங்கு உண்டு. ஆகவே அவள் புட்டியைக் காலி செய்து, இதை அதில் நிரப்பி வைத்தேன்.

கண் பளிச்சென்று ஆனது. சான்றிதழ் கிடைத்தது. அத்துடன் நிறுத்தினேன். நான்காம் நாள் கண் முன்பைவிடச் சிவந்தது. அந்த வாரம் கேஷவின் நிச்சயதார்த்தம்; உறவினர் எல்லோரும் வருவார்கள். மறுபடி நிரப்பினேன். பிறகு நிறுத்துவதற்குத் தோதான நாள் ஒன்று அமையவே இல்லை.

மருந்துக் கடை லோகு ஒருமுறை கேட்டார். "இன்னா சார், ஆப்ரேஷன் முடிஞ்சு எம்மாம் நாளாச்சு, இன்னும் ஊத்திகினே கீறீங்க?"

"வயசாச்சே லோகு."

"அப்ப கண்ண மாத்திடலாம் சார்" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

இப்படிப் பதினான்கு மாதம். கடைசி இரண்டு மாதங்களில், வலப்பக்கம் வைத்த டம்ளரை அவள் அடிக்கடி தட்டிவிட்டாள். "ஓரத்துல என்னவோ மங்கலா இருக்குப்பா" என்றாள்.

"தூக்கம் போதலை. சொட்டு மருந்தை ஒழுங்காப் போட்டுக்கோ" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பறக்கும்போது வலப்பக்கத்திலிருந்து வந்த இன்னொரு விமானத்தை அவள் பார்க்கவில்லை. உடன் இருந்த பயிற்சியாளர் கிறிஸ்டி கட்டுப்பாட்டைத் தன் கையில் வாங்கி விமானத்தைத் திருப்பியிருக்கிறார். மறுநாள் கண் மருத்துவமனையில் சோதித்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருந்தது. வலக்கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை, இடக்கண்ணில் பாதி. போனது திரும்பாது என்றார்கள்.

ஸ்டீராய்டு ஏதாவது போட்டீர்களா என்று டாக்டர் மூன்று முறை கேட்டார். "இல்ல டாக்டர், கண்ணீர்ச் சொட்டு மட்டும்தான். அப்பாதான் ஞாபகமா எடுத்துத் தருவார்" என்றாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். மூன்று முறையும் பேசவில்லை. டாக்டர் புட்டியைக் கொண்டுவரச் சொன்ன பிறகுதான், மருந்தை மாற்றியதை ஒப்புக்கொண்டேன். மருத்துவமனையிலிருந்து உங்களுக்குத் தகவல் வந்தது முறைதான்.

 நித்யஸ்ரீ இப்போது கூடத்தில் நடக்கும்போது வலக்கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறாள். நான் எதிரே வந்தால் காலடிச் சத்தம் கேட்டு நின்றுவிடுகிறாள். அப்போதெல்லாம் நான்தான் விலகிப் போகிறேன்.

கிழவர், விவரம் தெரியாமல் கையில் கிடைத்ததை ஊற்றிவிட்டார் என்று காலனியில் பேசிக்கொள்கிறார்கள். பாலாம்பாள்கூட என்னைப் பாவம் என்கிறாளாம். நித்யஸ்ரீயும் உங்களிடம் அப்படியே சொல்லியிருப்பதாக அறிகிறேன். அது உண்மையல்ல. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை, அவளுக்கென்று முதல் புட்டி வாங்கிய அன்றே பூதக்கண்ணாடி வைத்து முழுக்கப் படித்தேன். நீண்ட நாள் போட்டால் பார்வை போய்விடக்கூடும் என்று இருந்தது. எனக்குப் புரியாத சொல் அதில் ஒன்றுகூட இல்லை.